மேலே வருகிறவன் மூச்சு

ஈஸ்டருக்கு முந்தின தவசுகால நோன்பின் நடுவில் ஒரு வாரம் மில்லர்புரத்தில் பாதி வீடுகளில் மீன்குழம்பு இல்லை. கறியும் ஆகாது, மீனும் வரக் காணோம், வெறும் சாம்பாரை ஊற்றித் தின்னச் சொன்னால் யாருக்குத்தான் தொண்டையில் இறங்கும்? காரணம் கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் கிடைத்தது. வளன் விழுந்துவிட்டார்.

வளன் விழுந்தால் மில்லர்புரத்துக்கு ஏன் மீன் வராது என்றால், அவர் பெண்சாதி அல்போன்சாதான் அந்தத் தெருக்களுக்கெல்லாம் மீன்காரி. விடியுமுன்னே மீன்பிடித் துறைமுகத்து ஏலக்களத்தில் ஆண்பிள்ளைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்வரிசையில் நிற்பாள். ஏலக்காரன் வாயைத் திறக்குமுன் இவள் கேட்டு முடித்திருப்பாள். பிறகு தலையில் சும்மாடு, அதன்மேல் அலுமினியச் சட்டி, ஷேர் ஆட்டோவில் பாதி இடம். சாளையும் விளமீனும் தீர்ந்து வீடு வந்து சேர உச்சி வெயிலாகிவிடும். மழை, காய்ச்சல், மகள் கல்யாணம் எதற்கும் சட்டியை இறக்காதவள், அந்த வாரம் முழுக்க வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

வளன் சங்குகுளியாளி, கடலடியில் முங்கிச் சங்கு எடுக்கிறவர். முத்தெல்லாம் அவர் அப்பா காலத்தோடு சரி. இவருக்கு வாய்த்தது சங்குதான். காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு இறங்கவும் தெரியும், வெறும் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கவும் தெரியும். அவர் கயிற்றைப் பிடித்து வள்ளத்தில் நின்றவன் அல்போன்சாவின் தம்பி தொம்மை. கீழே இருந்து கயிறு சுண்டினால் மேலே இழுக்க வேண்டியது அவன் வேலை. அந்தக் கரையில் அது ஒரு வழக்கம். பெண்சாதியின் கூடப்பிறந்தவன் கையில்தான் குளியாளி தன் கயிற்றைக் கொடுப்பான். மற்றவன் பிடித்தால் கயிறாகப் பிடிப்பான். மச்சினன் பிடித்தால் அக்காள் தாலியாகப் பிடிப்பான் என்று ஒரு கணக்கு.

நாலைந்து வருடத்துக்கு முன் வளனின் வலது கை தானாக ஆட ஆரம்பித்தது. கடலுக்குள் கயிறு சுண்டின கை கரைக்கு வந்தும் சுண்டுது என்று தெருவில் கேலி பேசினார்கள். நடை சுருங்கி, குரல் கம்மிப்போய், முகத்தில் சிரிப்பு தங்காமல் போனபோது கேலி நின்றது. பார்க்கின்சன் என்றார்கள். மாத்திரை வந்தது. கையாடினால் ஆடிவிட்டுப் போகட்டும், ஆள் நடமாடுகிறாரே என்று அல்போன்சாவும் தேற்றிக்கொண்டாள்.

அப்புறம்தான் விழ ஆரம்பித்தார். முதலில் குசினி வாசலில். பிறகு கோயிலில், முழங்காலில் இருந்து எழும்போது. இந்த முறை கட்டிலோரம், நெற்றி கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. கால் இடறியெல்லாம் விழவில்லை. எழுந்து நிற்பார், கண் மேலே சொருகும், அடியறுத்த வாழையாய்ச் சாய்வார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "என்னளா, எல்லாரும் கூடி நிக்கிய?" என்று கேட்பார்.

தெரு கூடித் தீர்ப்புச் சொன்னது: நெஞ்சு. நெஞ்சு நோய்க்கு உப்பு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதானே! அன்றிலிருந்து அல்போன்சா வீட்டில் உப்புச் சட்டி பரணுக்குப் போனது. தெருமுனையில் வெள்ளை வெளேரென்று உப்பு லாரி வரிசையாக நிற்கிற ஊரில், அந்த வீட்டில் மட்டும் குழம்பு தண்ணீராய்ச் சப்பென்றிருந்தது. அவருக்கில்லாத உப்பு எனக்கெதற்கு என்று இவளும் சேர்ந்தே நிறுத்திவிட்டாள். வளன் அதையும் வழித்துத் தின்றார். அது அவளை இன்னும் வதைத்தது.

நெஞ்சு டாக்டரிடம் காட்டி, கையில் குழாய் விட்டுப் படமும் எடுத்தாயிற்று. அடைப்பு கிடையாது, குதிரை மாதிரி இருக்கிறது இதயம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குதிரை மாதிரி நெஞ்சை வைத்துக்கொண்டு மனுஷன் ஏன் விழுகிறார்? அதற்கு அங்கே பதில் இல்லை.

பதில் வைத்திருந்தவன் மகன் அனிஷ் ஒருவன்தான். கப்பலில் இன்ஜினியர், சென்னையில் ஐந்தாம் மாடியில் வீடு வாங்கிப் போட்டிருந்தான். லீவில் வந்ததும் இரண்டு பேரையும் கூட்டிப்போய்விடுவேன், இரண்டு பக்கமும் கம்பி வைத்த கட்டில் வாங்கியாகிவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளும் சொல்லியாகிவிட்டது என்று போனில் பேசினான். பாசத்தில்தான் பேசினான், குற்றம் சொல்ல முடியாது. வளன் போனை வாங்கி ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்கன இருந்து கடல் தெரியுமாலே?"

"ஏசி இருக்குப்பா" என்றான் அவன்.

வளன் போனை அல்போன்சாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கம்பிக் கட்டிலில் படுத்த ஆள் அப்புறம் எழுந்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் தன் காலில் நிற்க வேண்டும், இந்தத் தெருவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டரம்மா இருப்பதாக யாரோ சொல்ல, தொம்மையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். டாக்டரம்மா சின்ன வயசுதான். வளனைப் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தாள். எழுப்பி நிறுத்திப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். நிற்க நிற்கப் பிரஷர் கிணற்று வாளியாய் இறங்கிக்கொண்டே போனது. நாடி மட்டும் ஏறவேயில்லை, படுத்திருந்தபோது அடித்த அடியைத்தான் அடித்தது.

"குளியாளி நெஞ்சு அப்படித்தான். அவசரப்படாது" என்றார் வளன், கொஞ்சம் பெருமையாக.

"இப்ப அவசரப்படணும் ஐயா. அதுதான் பிரச்சனையே" என்றாள் டாக்டரம்மா. அவரை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "உங்க இதயத்துல கோளாறு இல்ல. அதுக்குப் போற நரம்புல கோளாறு. கை நடுக்கம் தந்த நோயே அந்த நரம்பையும் அரிச்சிட்டிருக்கு. நாம எந்திரிச்சா ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே நரம்பு ரத்தக்குழாயை இறுக்கும், இதயத்தை வேகமா அடின்னு சொல்லும். உங்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேரல. தலைக்கு ரத்தம் பத்தாம கண் இருட்டுது."

வளன் விழித்தார். தொம்மைக்குத்தான் சட்டென்று பிடிபட்டது.

"கீழ கிடக்கவன் கயித்தச் சுண்டுதான் மச்சான். மேல நிக்கவனுக்குத் தெரியல. நடுவுல கயிறு நைஞ்சுபோச்சு."

டாக்டரம்மா சிரித்து, அதேதான் என்றாள். வளன் தன் நெஞ்சில் ஆடாத கையை வைத்துத் தடவினார். "அப்ப இது நல்ல ஆளுதான். பாவம், அதுக்குச் சேதி வரல" என்றார். தன் நெஞ்சைத் திட்டாமல் அதற்காக இரக்கப்பட்ட அந்த மனுஷனின் சட்டைப் பொத்தானை அல்போன்சா ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

நைந்த நரம்பைத் திரும்ப முறுக்க மருந்து இல்லையாம். விழாமல் பார்த்துக்கொள்ள வழி உண்டாம். கட்டிலின் தலைமாட்டைச் செங்கல் வைத்து உயர்த்த வேண்டும். காலில் இறுக்கமான உறை. எழும்முன் உட்கார்ந்து பொறுத்து எழ வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சாப்பாட்டில் உப்பைக் கூட்ட வேண்டும்.

"உப்பையா?" என்றாள் அல்போன்சா.

உப்பைத்தான் என்றாள் டாக்டரம்மா, இவருக்கு அது மருந்து என்றாள். அல்போன்சா தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை நாள் நல்லது செய்வதாக நினைத்து மனுஷனை உப்பில்லாமல் போட்டு வாட்டியிருக்கிறாளே! பஸ் ஸ்டாண்டில் முதல் வேலையாக உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய் வாங்கி அவர் வாயில் ஊட்டினாள். புளிப்பிலா, எதிலா, அவருக்குக் கண்ணில் நீர் கோத்தது. அன்று வீட்டுக்கு வந்து வைத்த சாளைக் குழம்பில், செத்துப்போயிருந்த இரண்டு நாக்குக்கும் உயிர் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு மில்லர்புரமும் போக ஆரம்பித்தாள். அனிஷ் லீவில் வந்து இறங்கினான். வந்த மறுநாள் காலை, மகன் கண் முன்னாலேயே, சொன்னபடி தண்ணீர் குடித்து, சொன்னபடி உட்கார்ந்து பொறுத்து, எழுந்து நின்ற வளன் அப்படியே அவன் கையில் சாய்ந்தார். அனிஷ் அதுவரை போனில் கேட்டவன்தான். அப்பா விழுவதைப் பார்த்தவன் இல்லை. அவரைப் படுக்க வைத்துவிட்டு, ஈஸ்டரான பாஸ்குத் திருநாள் முடிந்த திங்கட்கிழமை ரயிலுக்கு மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டான். அல்போன்சா பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்தாள்.

ஆனால் அன்றைக்கு மறுநாள் அவள் ஏலத்துக்குப் போகவில்லை. கட்டிலுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்திரிங்க, நான் பிடிச்சிக்கிடுதேன் என்றாள். அவர் எழுந்தார். அவள் காலைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை, முகத்தையும் மாரையும் பார்த்தாள். உடம்பு பாதி எழும்போது உதடு இறுகி மூடியது. மார் புடைத்தது. வயிறு கல்லாகியது. அவ்வளவுதான், கண் சொருகியது. பிடித்து உட்கார வைத்தாள்.

"மூச்ச என்ன செஞ்சிய நீங்க?"

"என்ன செஞ்சேன்? அடக்குனேன்."

"எதுக்கு அடக்குதிய?"

இதுகூடவா தெரியாது என்பதுபோல் அவளைப் பார்த்தார் வளன். "கண்ணு இருட்டிட்டு வந்தா மூச்ச அடக்கணும்லா? இருட்டுல வாயத் தொறந்தவன் எவன் கரைக்கு வந்திருக்கான்?"

அவள் உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். சங்கதியைச் சொன்னதும், இதை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் அம்மா என்றாள் டாக்டரம்மா. மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கினால் இதயத்துக்குத் திரும்பி வருகிற ரத்தம் குறைந்துபோகும், நரம்பு நன்றாக இருப்பவர்கள் அதைச் சமாளித்துவிடுவார்கள், இவருக்குச் சமாளிக்க ஆள் இல்லை, இருக்கிற கொஞ்சப் பிரஷரையும் அவரே பிடித்துக் கீழே தள்ளுகிறார் என்று விளக்கினாள். எப்படியாவது அதை நிறுத்தச் சொன்னாள்.

எப்படி நிறுத்துவது? வேறு எந்தத் தெருவிலும் ஒரு மனுஷன் தலை சுற்றினால் ஐயோ அம்மா என்று வாயைத் திறந்திருப்பான். இவரோ சின்ன வயதிலிருந்து வாயை மூடி மூடியே பிழைத்தவர். நான் அடக்கலளா, அதுவா அடங்குது என்று பரிதாபமாகச் சொன்னார். பேசிக்கொண்டே எழச் சொன்னாள். பேச்சு பாதியில் நின்று மூச்சு உள்ளே போனது. செபம் சொல்லிக்கொண்டே எழச் சொன்னாள். மாதாவின் பெயரோடு செபமும் நின்றது. ஒரு மூச்சு விடத் தெரியாத ஆளுக்கா என்னை எங்கப்பன் கட்டிக் கொடுத்தான் என்று ஏசினாள். ஏசிவிட்டுக் குசினிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் தொம்மை வந்தான். கொண்டல் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. வரக்காப்பியை உறிஞ்சிக்கொண்டு பழைய கதை பேசினான். வள்ளத்தைச் சுற்றி எத்தனை பேர் குளித்தாலும் மச்சான் மேலே வருவது தனக்குத் தனியாகத் தெரியும் என்றான். தலை தண்ணீருக்கு வெளியே வந்ததும் மற்றவன் இருமுவான், துப்புவான். இவர் ஊதுவார். சீழ்க்கை மாதிரி நீளமாக ஒரு ஊத்து. அதைக் கேட்டால்தான் கயிறு பிடித்த கை தளரும் என்றான்.

அல்போன்சா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். நேராக வளனிடம் போனாள்.

"இங்க பாருங்க. எந்திரிக்கும்போது கடலுக்குள்ள முங்கப் போறதா நினைச்சுக்கிட்டு மூச்சப் பிடிக்கிய. அப்படி இல்ல. முங்கிக் கிடந்தது இந்தக் கட்டில்ல. எந்திரிக்கது மேல வாரது. மேல வந்தா என்ன செய்விய?"

வளன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நோய் பிடித்த முகத்தில் ஒன்றும் தெரியாது. கண்ணில் மட்டும் தெரிந்தது.

"ஊதுவேன்" என்றார்.

"ஊதிட்டே எந்திரிங்க."

பேசினால் அடுத்த ஆளுக்குக் கேட்காத அந்தக் குரலுக்குள்ளிருந்து ஒரு ஊத்து வந்தது பாருங்கள், பக்கத்து வீட்டு ஆடு திரும்பிப் பார்த்தது. மாரில் அடைத்து நின்ற காற்றெல்லாம் வெளியே போக, வளன் நின்றார். கண் இருட்டியது, சொருகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அனிஷுக்கு நம்பிக்கை வரவில்லை. இது என்னம்மா விளையாட்டு, இது நோய் என்றான். "நோயி போகாதுன்னு எனக்கும் தெரியும்லே. விழாம நின்னாப் போதும்" என்றாள் அவள். கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் அப்பா விழாமல் இருந்தால் டிக்கெட்டைப் பற்றி மறுபடி பேசலாம். விழுந்தால் பேச்சே கிடையாது, ரயில்தான்.

அல்போன்சா மீனுக்குப் போன நேரமெல்லாம் தொம்மை வந்து வளனின் இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். உட்காருவதும் ஊதி எழுவதும், உட்காருவதும் ஊதி எழுவதும். ஒரு நாள் நன்றாக வரும், ஒரு நாள் பழைய புத்தி முந்திக்கொள்ளும், துண்டில் தொங்குவார். திரும்ப ஆரம்பிப்பார். உயிரைக் காப்பாற்றி வந்த பழக்கத்தை, இப்போது அது உயிரை வாங்குகிறது என்று தெரிந்து, அறுபது தாண்டிய வயதில், கை ஆட, கால் இழுக்க, ஒரு மனுஷன் மாற்றிப் படிப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? குளிக்கிற காலத்தில்கூட மச்சான் இம்புட்டுப் பாடுபட்டதில்லை என்று தொம்மை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பெரிய வெள்ளிக்கிழமை வெயில் கொளுத்தியது. வளன் ஒருசந்தி இருப்பேன், பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று காலையிலேயே முரண்டு பிடித்தார். சாமியாரிடம் கேட்டாச்சு, நோயாளிக்கு ஒருசந்தி இல்லை என்று சொல்லி உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரை இரண்டு கோப்பை குடிக்க வைத்தாள் அல்போன்சா. சாமியாரிடம் அவள் கேட்கவேயில்லை. பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யையும் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

கோயிலில் நிற்க இடமில்லை. வேர்வையும் சாம்பிராணியும் கலந்து மூச்சை முட்டியது. அனிஷ் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டான். ஆண்டவரின் பாடுகளை வாசிக்கத் தொடங்கியும் வளன் அதில் உட்கார்ந்திருந்தார். அவர் உயிர் விடும் இடம் வந்தபோது கோயில் முழுக்க முழங்காலில் விழுந்தது. வளனும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உட்கார்ந்தே இருங்கப்பா என்று அனிஷ் காதில் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். கேட்காதது மாதிரி இறங்கினார். ஆண்கள் பக்கம் வந்து தன் புருஷன் அருகில் முழங்காலிட்ட அல்போன்சாவை, கோயில் ஒழுங்கு பார்க்கிற உபதேசியார் முறைத்துப் பார்த்தார். அவள் அவரைத் திருப்பி முறைத்தாள்.

கைக்குழந்தைகூட அழாத அமைதி. அதன்பின் எல்லாரும் எழுந்தார்கள். சேலைகளும் வேட்டிகளும் சரசரத்து அடங்கின. வளன் ஒரு முழங்காலைத் தூக்கினார். மறுகாலைத் தூக்கினார். உதடு இறுகுவதை அல்போன்சா பார்த்தாள். மார் புடைப்பதைப் பார்த்தாள். அனிஷ் இரண்டு கையையும் நீட்டிவிட்டான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

உதடு பிரிந்தது. துக்க வெள்ளியின் அத்தனை அமைதிக்கும் நடுவில், நீளமாக, சீழ்க்கையாக, ஒரு குளியாளி ஊதினான். சிறுபிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சாமியார் நிமிர்ந்து பார்த்தார். ஊத்து முடிந்தபோது வளன் எழுந்து நின்றார், ஒரு தடவை ஆடினார், நாற்காலி முதுகைப் பிடித்தார், நின்றார்.

அப்போது, முன்னால், ஆண்டவர் சுரூபத்தைக் கிடத்திச் சுமக்கும் பாடையான ஆசந்தியைத் தூக்குகிறவர்களோடு நின்றிருந்த தொம்மை, தான் கோயிலில் நிற்பதை மறந்தே போய், வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவன் எல்லாருக்கும் கேட்கச் சொல்கிற சொல்லை உரக்கச் சொல்லிவிட்டான்.

"வந்தாச்சு!"

பாவி மட்டை, பெரிய வெள்ளிக்கிழமை அன்றைக்குப் பீடத்துக்கு முன்னால்! அங்கங்கே நின்ற பழைய குளியாளிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. அல்போன்சா முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளே சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அனிஷ் அவள் தோளோடு குனிந்தான்.

"யம்மா, திங்கக்கிழமை நான் மட்டும் போறேன்."

"பேசாம முன்னால பாத்து நில்லுலே" என்றாள் அல்போன்சா. "அப்பா நிக்காவ பாரு."